அடித்தது எத்தனை, கைக்குப் போனது எத்தனை

பரணிலிருந்து இறக்கிய புத்தகக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் திருத்திக்கொண்டிருந்தார். கையில் கறுப்பு மைப் பேனா, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேல். 47ஆம் பக்கத்தைத் திருப்புவார். அங்கே அச்சாகியிருந்த குடும்ப மரத்தில் ஒரு சிறிய கோடு இழுப்பார். கோட்டின் முனையில் விட்டுப்போன ஒரு பெண்ணின் பெயரை எழுதுவார். மை காய வாயால் ஊதுவார். மூடி வைத்துவிட்டு அடுத்த பிரதியை எடுப்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கரும்பலகையில் முப்பது வருஷம் எழுதிய கை என்பதால் எல்லாப் பிரதியிலும் அந்தப் பெயர் ஒரே மாதிரி விழுந்தது.

அது அவர் எழுதிய ஊர் வரலாறு. 160 பக்கம், டெமி அளவு, அதாவது ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். செய்யாறு பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஏரி, கோயில், பள்ளிக்கூடம், யார் வீட்டிலிருந்து யார் பம்பாய்க்குப் போனார்கள், எந்த வருஷம் கரண்ட் வந்தது என்று பதினொரு வருஷம் நடந்து நடந்து சேகரித்தது. 2012-ல் ஆஃப்செட்டில் 1000 பிரதி அச்சிட்டோம். இரண்டு வருஷம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனபோது 680 பிரதிகள் வீட்டில் இருந்தன. அந்த 47ஆம் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் புத்தகத்தைப் படித்துவிட்டு போன் செய்திருக்கிறார். "சார், எங்க பெரியம்மா பேரு இல்லையே?" அவ்வளவுதான் கேட்டாராம். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

1000 என்ற எண்ணைச் சொன்னவன் நான். "500 அடிச்சா பிரதி ஒண்ணுக்கு இவ்வளவு ஆகுது சார், 1000 அடிச்சா எவ்வளவு குறையுது பாருங்க" என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். கணக்கு சரிதான். ஆனால் எதை எதால் வகுக்க வேண்டும் என்பதில் பிழை இருந்தது. அது புரிய எனக்கு அந்தப் பரணைப் பார்க்க வேண்டியிருந்தது.

ராயப்பேட்டையில் பக்க வடிவமைப்பும் அச்சுக்குக் கொண்டுபோகிற வேலையுமாக இருபது வருஷம் ஓடிவிட்டது. ஜானிஜான்கான் சாலை, அதைச் சுற்றியிருக்கும் சந்துகள், பைண்டிங் பட்டறைகள், தாள் வாங்க பாரிமுனை ஆண்டர்சன் தெரு என்று என் உலகம் சின்னது. மாடி ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி இதுதான்: ஆஃப்செட்டா, டிஜிட்டலா, எது நல்லது? இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. டிஜிட்டல் மெஷின் வைத்திருப்பவர் டிஜிட்டல் என்பார், ஆஃப்செட் வைத்திருப்பவர் ஆஃப்செட் என்பார். மெஷினுக்கு மாதத் தவணை கட்டுகிறவர் வேறு எப்படிச் சொல்வார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கிறவருக்குத்தான் இரண்டு மெஷினும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் விடை பாதி தானாகவே வந்துவிடும்.

ஒரு முறையாவது ஆஃப்செட் மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பக்கங்கள் பதிந்த அலுமினிய பிளேட்டை உருளையில் மாட்டி இறுக்குவார்கள். முதலில் தண்ணீர் உருளை இறங்கும், அப்புறம் மை உருளை. எழுத்து இருக்கும் இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், வெற்றிடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை விரட்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்கிற ஒரே விஷயத்தின் மேல் இந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் சுண்ணாம்புக் கல்லின் மேல் கண்டுபிடித்தது அதுதான். பிளேட்டிலிருந்து மை நேராகத் தாளுக்குப் போகாது. நடுவில் பிளாங்கெட் என்கிற ரப்பர் போர்வை சுற்றிய உருளை இருக்கும். பிளேட் ரப்பரில் பதியும், ரப்பர் தாளில் பதியும். 1904-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அயரா ரூபெல் என்பவரின் அச்சகத்தில், தாள் போகாமல் மெஷின் சுற்றியதால் படம் எதிர் உருளையின் ரப்பரில் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்பக்கத்தில் அது விழுந்தபோது முன்பக்கத்தைவிடத் தெளிவாக இருந்ததாம். தாளின் மேடுபள்ளத்துக்கு ரப்பர் வளைந்து கொடுக்கும், உலோகமும் கல்லும் கொடுக்காது. காரணம் அவ்வளவுதான்.

முதல் தாள்கள் வெளியே வரும்போது பார்க்கச் சகிக்காது. ஒரு ஓரம் வெளிறி, ஒரு ஓரம் மை அப்பி, நான்கு கலர் வேலையாக இருந்தால் சிவப்பு ஒரு பக்கமும் நீலம் ஒரு பக்கமும் விலகி நிற்கும். மிஷின்மேன் ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் விரிப்பார். பூதக்கண்ணாடியை மூலையில் இருக்கும் கூட்டல் குறியின் மேல் வைத்துக் குனிவார். ஒரு திருகை அரைச் சுற்று திருப்புவார். மறுபடி ஓட்டுவார், மறுபடி உருவுவார். நான் வழக்கமாகப் போகும் அச்சகத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். கண்ணாடியை வைப்பதற்கு முன்பே தாளை விரலால் தட்டி, அந்தச் சத்தத்தில் ஈரம் கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சரியாக வருவதற்குள் நூறு, இருநூறு தாள் போய்விடும். அதை வேஸ்டேஜ் என்று கணக்கில் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு மெஷின் பிடித்துக்கொண்டால், மணிக்கு ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவ்வளவு பாடும் முதல் நல்ல தாள் வருவதற்கு முன்பே பட்டாகிவிட்டது. 160 பக்க டெமி புத்தகம் என்றால் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று 10 ஃபாரம். டெமி தாள் ஓடுகிற மெஷினில் தாளின் ஒரு முகத்துக்கு 8 பக்கம். ஃபாரத்துக்கு 2 பிளேட் வீதம் 20, ரேப்பர் என்கிற நான்கு கலர் அட்டைக்கு 4, ஆக 24 பிளேட். ஒரே ஒரு பிரதி வேண்டும் என்றாலும் அந்த 24 பிளேட்டும் வேண்டும், அவற்றை மாட்டும் கூலியும் வேண்டும், வேஸ்டேஜ் தாளும் வேண்டும்.

டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து பக்கம் நேராக ஒரு டிரம்முக்குப் போகிறது. ஒளிபட்டு மின்னேற்றம் மாறிய இடத்தில் டோனர் தூள் ஒட்டுகிறது. அது தாளுக்கு மாறிச் சூடான உருளைகளுக்கு இடையில் போய் உருகி ஒட்டிக்கொள்கிறது. செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் 1938 அக்டோபர் 22 அன்று எடுத்த முதல் நகலும், தெருமுனை ஜெராக்ஸ் கடையும், இன்றைய பெரிய டிஜிட்டல் அச்சு மெஷின்களில் பலவும் ஒரே குடும்பம். 1993-ல் இண்டிகோவும் ஜீகானும் கலர் மெஷின்களைக் கொண்டுவந்த பிறகுதான் இதை அச்சுத் தொழில் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. இண்டிகோவில் மட்டும் தூளுக்குப் பதில் திரவ மை. அது தாளில் மெல்லியதாகப் படிவதால் ஆஃப்செட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும். முதல் தாளே நல்ல தாள். இரண்டாவது தாள் முதல் தாளைப் போல இருக்க வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. 200 மாணவர்களுக்கு 200 பெயர் போட்ட சான்றிதழ் வேண்டுமென்றால் ஆஃப்செட்டில் பெயருக்கு இடம் விட்டுப் பேனாவால்தான் எழுத வேண்டும். இதில் ஒவ்வொன்றும் வேறாக வரும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வசதிக்காக முழு எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் விலை வேறாக இருக்கும், கணக்கின் போக்கு ஒன்றுதான். ஆஃப்செட்டில் மெஷின் ஓட ஆரம்பிப்பதற்குள் ஆகிற செலவு 18,000 ரூபாய், அதற்குப் பிறகு பிரதி ஒன்றுக்குத் தாள், மை, பைண்டிங் எல்லாம் சேர்த்து 45 ரூபாய். டிஜிட்டலில் ஆரம்பச் செலவு இல்லை, பிரதி 105 ரூபாய். 100 பிரதிக்கு ஆஃப்செட்டில் 22,500, டிஜிட்டலில் 10,500. யோசிக்கவே வேண்டாம். 300 பிரதியில் இரண்டும் 31,500 என்று சமமாகின்றன. 500 பிரதியில் ஆஃப்செட் பிரதி 81 ரூபாய்க்கு இறங்குகிறது. 1000 பிரதியில் 63 ரூபாய்.

அந்த 63-ஐத்தான் நான் தலைமையாசிரியருக்கு எழுதிக் காட்டினேன். இன்னும் 500 பிரதிக்கு வெறும் 22,500 தானே அதிகம் என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் கைக்குப் போனது 320. மொத்தச் செலவு 63,000-ஐ 320-ஆல் வகுத்துப் பாருங்கள். படிக்கப்பட்ட ஒவ்வொரு பிரதிக்கும் ஏறக்குறைய 197 ரூபாய் ஆகியிருக்கிறது. அதே 320 பிரதியை டிஜிட்டலில் அடித்திருந்தால் 105 ரூபாய்தான், மொத்தம் 33,600. அச்சடித்த எண்ணால் வகுத்தால் ஆஃப்செட் 40 சதவீதம் மலிவாகத் தெரிகிறது. படித்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்தால் டிஜிட்டலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. இதில் பரணின் இடமும், கரையானுக்குப் போட்ட மருந்தும், ஒரு எழுபது வயது மனிதர் 680 முறை ஒரே பெயரை எழுதியதும் சேரவில்லை.

அதனால் இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் மெஷினைப் பற்றிப் பேசுவதில்லை. "எத்தனை பேருக்குக் கொடுக்கப் போறீங்க, பேரு சொல்லுங்க" என்று கேட்கிறேன். சொந்தக்காரர்கள் எத்தனை பேர், நண்பர்கள் எத்தனை பேர், எந்த நூலகம், எந்தக் கடை, வெளியீட்டு விழாவுக்கு எத்தனை நாற்காலி போடுகிறீர்கள் என்று உட்கார்ந்து எழுதினால், 500 என்று மனதில் இருந்த எண் 140-ல் வந்து நிற்கும். சில பேருக்கு வருத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும். பல வருஷ உழைப்பு 140 என்று ஆகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் பெயர் தெரிந்த 140 வாசகர்கள் கிடைப்பது சின்ன விஷயமே இல்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களில் பதிப்பு விவரம் போடும் இம்பிரிண்ட் பக்கத்தில் 1000, 1200 என்று பிரதி எண்ணிக்கை போட்டிருப்பதைப் பார்த்தே நாம் வளர்ந்துவிட்டோம். அது அன்றைய மெஷினின் கட்டாயமும்தான். அதற்குக் கீழே அடித்தால் கட்டுப்படியாகாது. அந்தக் கட்டாயம் போன பிறகும் எண் மட்டும் மனதில் அப்படியே இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையில் எத்தனையோ பதிப்பாளர்களின் கிடங்குகளுக்குள் தண்ணீர் போனது. நனைந்த புத்தகக் கட்டு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? தாள் ஊதிப்போய், கட்டிய சணல் கயிறு அதற்குள் அழுந்தி மறைந்துவிடும். பிரிக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். நான் பக்கம் அமைத்த மூன்று புத்தகங்களை அப்படிப் பழைய பேப்பர் வண்டியில் ஏற்றியதைப் பார்த்தேன். வெள்ளம் எல்லா வருஷமும் வராது. ஆனால் தாளாக மாற்றி அடுக்கிவைத்த பணம் எப்போதும் ஏதோ ஒன்றுக்குப் பயந்துகொண்டேதான் இருக்கும்.

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றையும் டிஜிட்டலில் அடியுங்கள் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்து, அது பெரிதாகவும் இருந்தால் ஆஃப்செட்டுக்கு மாற்றே இல்லை. கும்பாபிஷேக நோட்டீஸ் 5000, பள்ளி டைரி 3000, சந்தாதாரர் பட்டியல் கையில் இருக்கிற மாத இதழ் 2000. இவற்றை டிஜிட்டலில் அடிப்பது காசை எரிப்பது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பிக்கிறார்களே, எண்ணிக்கை முதலில், அச்சு பிறகு என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி தன் நூற்றாண்டு மலரை, அவசரம் என்று சொல்லி, 1200 பிரதியும் டிஜிட்டலில் அடித்தது. முழுக்கக் கலர், 96 பக்கம். பழைய மாணவர்கள் நன்கொடையாகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. பத்து நாள் முன்னால் பக்கங்களை முடித்திருந்தால் ஆஃப்செட்டில் அதில் பாதிகூட ஆகியிருக்காது. மிச்சத்தில் இரண்டு வகுப்பறைக்கு வெள்ளையடித்திருக்கலாம்.

தரத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு புள்ளியை. தமிழில் அச்சுத் தரத்தை அளக்க மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியைவிட நல்ல கருவி கிடையாது. பிளேட்டில் ஒளி சரியாக விழாமல் போனாலோ, மெஷினில் தண்ணீர் கூடிப்போனாலோ முதலில் காணாமல் போவது அதுதான். பல் போய் பல ஆகிவிடும், கல் போய் கல ஆகிவிடும். 9 பாயிண்ட் அளவுச் சின்ன எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு முழுக்கப் புள்ளி இல்லாமல் அச்சாகி வந்ததை ஒரு முறை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிழை திருத்தினவர் மூன்று முறை பார்த்த பக்கம் அது. மை கூடினால் இதற்கு நேர்மாறு. ஞ, ணை, ஜ இவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகும். டிஜிட்டலில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. 300 பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். ஆனால் டோனர் தாளின் மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்காது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எழுத்து லேசாகப் பளபளக்கும். ஆஃப்செட் மை மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத தாளுக்குள் இறங்கி அடங்கியிருக்கும். இரவில் நெடுநேரம் படிக்கிற ஆளாக எனக்கு ஆஃப்செட் பக்கம்தான் பிடிக்கும். அதற்காக 140 பிரதிக்கு 18,000 ரூபாய் ஆரம்பச் செலவு செய்யச் சொல்வேனா என்றால், மாட்டேன். நல்ல டிஜிட்டல் மெஷினில் அடித்த கறுப்பு வெள்ளைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாசகர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

தெரிகிற இடம் வேறு. அட்டையில் பெரிய பரப்புக்கு ஒரே நிறம், குறிப்பாகச் சாம்பல், வெளிர்நீலம் மாதிரி நிறங்கள் இருந்தால் டிஜிட்டலில் கோடு கோடாகத் தெரிய வாய்ப்புண்டு. கறுப்பு வெள்ளைப் பழைய போட்டோக்கள் இரண்டிலுமே சோதனைதான். ஆஃப்செட்டில் மேப்லித்தோ தாள் மையை இழுத்துப் பரப்பிவிடும், தாத்தாவின் கறுப்புக் கோட்டும் பின்னால் இருக்கும் கதவும் ஒன்றாகிவிடும். அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன்பே போட்டோவின் நடுத்தர நிழல்களைக் கொஞ்சம் வெளுக்கச் செய்வேன். டிஜிட்டலில் நிழல் அழுத்தமாக நிற்கும், முகத்தின் மென்மை போய்விடும். தங்க நிறம், ஒரு நிறுவனத்தின் குறிப்பிட்ட சிவப்பு மாதிரி தனி மை கலந்து அடிக்க வேண்டியவற்றுக்கு ஆஃப்செட்டே. டோனர் அடித்த கனமான அட்டையை மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். மடிப்பு வரும் இடத்தை முதலில் கோடாக அழுத்திவிட்டு (இதை கிரீஸிங் என்பார்கள்) மடிக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகையில் இந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

யாரும் சொல்லித்தராமல், காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். வேர்டில் தட்டச்சு செய்த ஒரு கவிதைத் தொகுப்பை அவசரத்துக்கு அப்படியே பிடிஎஃப் ஆக்கி டிஜிட்டல் கடை ஒன்றில் கொடுத்தேன். உள்ளே ஒரு கலர் படம்கூட இல்லை. பில் வந்தபோது எல்லாப் பக்கத்துக்கும் கலர் கட்டணம் போட்டிருந்தார்கள். சண்டைக்குப் போனேன். அவர்கள் மெஷினின் கவுண்டரைக் காட்டினார்கள். டிஜிட்டல் மெஷின் தாளில் அச்சாகும் ஒவ்வொரு முகத்தையும் கறுப்பா கலரா என்று எண்ணிக்கொண்டிருக்கும், அதைக் கிளிக் என்பார்கள். என் ஃபைலில் இருந்த கறுப்பு திரையின் கறுப்பு. அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இல்லாததால் வரும் கறுப்பு. மெஷின் அதை நான்கு டோனரையும் கலந்து உண்டாக்கியிருக்கிறது. கண்ணுக்குக் கறுப்பு, கவுண்டருக்குக் கலர். இதே ஃபைல் ஆஃப்செட்டுக்குப் போயிருந்தால் இன்னும் மோசம். ஒரு பிளேட்டுக்குப் பதில் நான்கு கேட்கும். நான்கும் ஒரு மயிரிழை விலகினாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்தில் ஒரு நீல நிழலும் சிவப்பு நிழலும் விழும். உள்பக்க எழுத்து எல்லாம் வெறும் கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று பிடிஎஃப்பைத் திறந்து நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இன்றைக்கும் நான் எங்கும் அனுப்புகிறேன். அன்றைக்கு அந்தக் கடைக்காரர் பாதிக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டார். அவருடைய நல்ல மனசு.

இன்னொன்று தாளின் நார். தாளுக்கும் மரம் மாதிரி ஒரு வாக்கு உண்டு. ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகப் போகும். புத்தகத்தில் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விறைத்துக்கொண்டு நிற்கும், விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும். ஆஃப்செட் அச்சகத்தில் பெரும்பாலும் இதைப் பார்த்தே தாள் வாங்குவார்கள். டிஜிட்டலில் 12×18, 13×19 அங்குலம் என்று வெட்டி வருகிற தாளை எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்று பல கடைகளில் யோசிப்பதில்லை. அந்தத் தாளில் டெமி பக்கங்களை முகத்துக்கு நான்காக அமைக்கிறோம், எனவே நார் தாளின் நீளவாக்கில் இருக்க வேண்டும். இதை மட்டும் கேட்டு வாங்குங்கள். போதாக்குறைக்குச் சூட்டு உருளை தாளின் ஈரத்தை இழுத்துவிடுவதால் டிஜிட்டலில் தாள் சுருளவும் செய்யும். அடித்த அன்றே பைண்டிங்குக்குத் தள்ளாமல் ஒரு இரவு பாரம் வைத்து ஆறவிட்டால் நல்லது. ஆஃப்செட்டில் காத்திருப்பதற்குக் காரணம் வேறு, மை காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இன்னும் தாமதமாகும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முன்னால் டிசம்பரில் எல்லா அச்சகமும் நிரம்பி வழியும்போது, காயாத ஃபாரத்தை மடித்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் நிழல் விழுந்த புத்தகங்கள் ஒவ்வொரு வருஷமும் வருகின்றன.

இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. ஒரு சிறிய பதிப்பகத்துக்கு இப்படிச் செய்கிறோம். ரேப்பரை மட்டும் ஆஃப்செட்டில் 500 அடித்து, லேமினேஷன் போட்டு, தட்டையாக அடுக்கி வைத்துவிடுகிறோம். அட்டைக்கட்டு ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். உள்பக்கங்களை 50, 60 என்று தேவைக்கு டிஜிட்டலில் அடித்து அந்த அட்டையில் பைண்ட் செய்கிறோம். ஒரு வரிசையில் வரும் ஆறு புத்தகங்களின் முதுகும் அலமாரியில் ஒரே நிறத்தில் நிற்கிறது. விலையை அட்டையில் அச்சிடுவதில்லை, உள்ளே போட்டுவிடுகிறோம். இதில் ஒரு சங்கடம் உண்டு. பின்னால் பக்கம் கூடினால் முதுகு தடிக்கும், அட்டை பொருந்தாது. அடிக்கடி திருத்தம் வருகிற புத்தகத்துக்கு இந்த வழி ஆகாது.

தலைமையாசிரியரின் புத்தகம் அப்படித் திருத்தம் வந்துகொண்டே இருக்கிற புத்தகம். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஊரைப் பற்றி எழுதினால், படிக்கிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து தருவார்கள். அந்த 680 பிரதியிலும் அவர் பெயரை எழுதி முடித்தார். அதற்குள் வேறு நான்கு திருத்தங்கள் வந்திருந்தன. ஏரி உடைந்த வருஷம் தவறு. பள்ளியின் முதல் ஆசிரியர் வேறொருவர். அவற்றைத் தனித்தாளில் நகலெடுத்து ஒவ்வொரு பிரதிக்குள்ளும் செருகினார். அப்புறம் உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சும்மாவே கொடுத்தார். கடைசியில் ஒரு நூறு பிரதி கரையானுக்குப் போனது.

2022-ல் அவர் மறுபடி மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தார். ஒரு கோடு போட்ட நோட்டு முழுக்கத் திருத்தங்கள், பக்க எண்ணோடு, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில். "இந்த தடவை எத்தனை தம்பி?" என்று அவரே கேட்டார். பெயர்களை எழுதினோம். 38 வந்தது. 40 அடித்தோம், டிஜிட்டலில், 70 ஜிஎஸ்எம் கனத்தில், லேசாக மஞ்சள் சாயல் உள்ள நேச்சுரல் ஷேட் தாளில். நார்வாக்கை நானே கிழித்துப் பார்த்தேன். அவர் 47ஆம் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். அந்தப் பெயர் இப்போது மற்றப் பெயர்களோடு ஒரே எழுத்தில், ஒரே கறுப்பில், மரத்தின் கிளையில் இருந்தது. விரலை அதன் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதற்கப்புறம் 30, மறுபடி 25, போன வருஷம் இன்னொரு 40. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு புத்தகம். இம்பிரிண்ட் பக்கத்தில் எந்த மாதம் திருத்தியது என்று போடச் சொல்லியிருக்கிறார். போன வாரம் காலை ஏழு மணிக்கு போன் வந்தது.

"தம்பி, தூங்குறியா? 94ஆம் பக்கத்துல கிணறு வெட்டுனவங்க பட்டியல் இருக்கு பாரு, அதுல இன்னும் ரெண்டு பேரு சேர்க்கணும். பேத்தி மூலமா வந்தது, உறுதியான தகவல். அடுத்தது எப்ப அடிக்கிறோம்?"

எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். "சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்றேன்.